டெக்சஸில் ஓடிய டீசல் பிக்கப், கலிஃபோர்னியாவில் ஏன் தேறவில்லை?

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய வெள்ளை டீசல் பிக்கப் ஒன்று உள்ளே வந்தது. 2015 மாடல், முக்கால் டன் வகை. இறங்கிய தம்பியின் பேச்சைக் கேட்டதுமே கொங்குப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. டிரெய்லர் இழுக்க வண்டி வேண்டுமென்று டெக்சஸுக்கு விமானத்தில் போய், ஒரு தனி ஆளிடம் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கலிஃபோர்னியாவில் பதிவு செய்ய ஸ்மாக் சான்றிதழ், அதாவது மாசுச் சோதனையில் தேறிய சான்று, வேண்டும்.

"அண்ணா, புகையே வராது. சும்மா மெஷினை மாட்டிட்டுக் குடுத்துருங்க."

நான் வேலை பார்ப்பது டெஸ்ட் மட்டும் செய்யும் கடை. ரிப்பேர் செய்ய எங்களுக்கு அனுமதி கிடையாது. வண்டி தேறினாலும் தேறாவிட்டாலும் எனக்கு அதே கூலிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஃபெயில்" என்றதும் வேலை பிடிக்கத்தான் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு.

நம் ஊரில் டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் என்றால் பைப்பில் குழாயைச் செருகி, ஆக்சிலரேட்டரை அழுத்தி, புகையின் அடர்த்தியை அளப்பார்கள். அதே நினைப்பில்தான் பலரும் இங்கே வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1998 மாடல் முதல், மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு வரை உள்ள டீசல் வண்டிகளுக்கு 2010 முதல் ஸ்மாக் செக் உண்டு. ஆனால் பைப்பில் எதையும் செருகுவதில்லை. மூன்று வேலைகள்: கண்ணால் பார்ப்பது, வேகமாக அழுத்திப் புகை தெரிகிறதா என்று கவனிப்பது, அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவது. ஆள் அகப்படுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

தம்பியின் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி இருக்கவேண்டிய இடத்தில் டப்பா இருந்தது. சென்சார்களும் மாட்டியே இருந்தன. அழுத்திப் பார்த்ததில் ஃபெயில் போடும் அளவுக்குப் புகையும் இல்லை. அவர் முகத்தில் நிம்மதி.

கேபிளை மாட்டினேன். துகள் வடிகட்டிக்கான சுயசோதனை இந்த வண்டியிலேயே கிடையாது என்றது கம்ப்யூட்டர். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த சோதனை எங்கே போயிற்று? அடுத்து மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணும் பொருந்தவில்லை. இந்த எண் என்பது கணக்கு நோட்டின் அடிக்கூட்டல் மாதிரி. நடுவில் ஒரு இலக்கத்தை மாற்றினாலும் கூட்டல் மாறிவிடும். 2021 ஜூலை 19 முதல், தயாரிப்பாளரோ மாநிலக் காற்று வாரியமோ ஒப்புக்கொள்ளாத மென்பொருள் இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வண்டி ஃபெயில்.

நடந்தது என்னவென்றால், யாரோ வடிகட்டி டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டிங் செய்திருக்கிறார்கள். கூடவே ‘டிலீட் ட்யூன்’, அதாவது வடிகட்டி இல்லாததைக் கண்டுகொள்ளாத மாற்று மென்பொருள், ஏற்றியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில நாளில் வண்டி வேகத்தையும் குறைத்துவிடும். அதாவது இரும்பை ஏமாற்றினால் மட்டும் போதாது, கம்ப்யூட்டரையும் பொய் சொல்லவைக்க வேண்டும். அந்தப் பொய்யைத்தான் நாங்கள் படிக்கிறோம்.

"டெக்சஸில் எந்தப் பிரச்சினையும் இல்லன்னு சொன்னாரே அண்ணா?"

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. டெக்சஸில் சில கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும் புகைச் சோதனை உண்டு, அதுவும் பெட்ரோல் வண்டிகளுக்குத்தான். டீசலுக்கு விலக்கு. பென்சில்வேனியாவிலும் டீசலுக்கு விலக்குதான். ஆனால் சோதனை இல்லை என்பதும் சட்டப்படி சரி என்பதும் ஒன்றல்ல. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவது, அதற்கான கருவியை விற்பது இரண்டையும் கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டம் 50 மாநிலங்களிலும் தடை செய்கிறது. டெக்சஸில் பார்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இது ஏதோ நாலைந்து பேர் செய்யும் வேலை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கைவைத்திருக்கிறார்கள். அவை கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, 90 லட்சம் புது டீசல் பிக்கப்களைச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்கிறது அதே அறிக்கை. தனி ஆட்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 பிக்கப்களின் எஞ்சின்களில் ஏமாற்று மென்பொருள் இருந்தது என்ற வழக்கில், கம்மின்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. பெரியவர்கள் செய்தாலும் தப்பு தப்புதான்.

கழற்றுபவர்களின் எரிச்சலும் எனக்குப் புரியாமல் இல்லை. இந்த வண்டிகள் பாரம் இழுத்து நெடுந்தூரம் ஓடப் பிறந்தவை. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே இருக்காது, அடைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலின் சென்சார் ஒன்று கெட்டால் வண்டி நடுவழியில் படுத்துவிடும். பில்லைப் பார்த்தால் வயிறு எரியும். அந்த நேரத்தில்தான் "கழற்றிப் போட்டுடு, மைலேஜும் கூடும்" என்று ஒருவன் வருவான். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கு சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணம். குளிர்காலத்தில் வெளியே விட்ட புகை வெளியேறாமல் அப்படியே நிற்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. என் பிள்ளைகளும் இங்கேதான் மூச்சு விடுகிறார்கள்.

சரி, வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் பைப்புக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி உயிரோடு இருக்கும் டீசல் வண்டியின் பைப், உள்ளே ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். கை கரியானால் சந்தேகப்படுங்கள். பானெட்டைத் திறந்தால் மாசுக் கட்டுப்பாட்டு லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும். வண்டியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சுருக்கெழுத்தில் அதிலேயே இருக்கிறது. பல லேபிள்களில் வடிகட்டியை டிபிஎஃப் என்று போடாமல் பி.டி.ஓ.எக்ஸ் என்று போட்டிருப்பார்கள், குழம்பவேண்டாம். லேபிளே இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். எஞ்சினுக்குக் காற்று உறிஞ்சும் குழாய், மென்பொருளை மாற்றும் ட்யூனர் என்று வெளிக் கம்பெனிப் பாகம் எது இருந்தாலும் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். "எல்லா மாநிலத்திலும் செல்லும்" என்று விற்பவர் சொல்வது அனுமதி எண் ஆகாது.

இதையெல்லாம் தாண்டி, டப்பா மட்டும் மிச்சமிருக்கும் வண்டியைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஸ்கேனரில் சுயசோதனைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவுக்குள் வாங்கினால் ஸ்மாக் சான்றிதழ் கொடுக்கவேண்டியது விற்பவரின் பொறுப்பு. "அப்புறம் எடுத்துக்கலாம்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். வெளி மாநிலத்தில் வாங்கினால் சுமை முழுக்க உங்கள் தலையில்.

இன்னொன்று. "நூறு இருநூறு கூடக் கொடுத்தால் பாஸ் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டிக்குப் பதில் வேறொரு நல்ல வண்டியில் கேபிளை மாட்டுவார்கள். ஒவ்வொரு சோதனையின் தரவும் மாநில அலுவலகத்துக்குப் போகிறது. பொருந்தாதவை பின்னால் தெரிந்துவிடும். போவது அவர்கள் லைசென்ஸ் மட்டுமல்ல, உங்கள் சான்றிதழும்தான்.

14,000 பவுண்டைத் தாண்டிய லாரி வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு ஸ்மாக் கிடையாதே" என்பார்கள். அது பழைய கதை. அவற்றுக்கென்று தனியாக க்ளீன் டிரக் செக் என்ற திட்டம் வந்துவிட்டது. பெரும்பாலான லாரிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சோதனை.

தம்பி அன்று ஒன்றும் பேசாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். விற்றவர் போனை எடுக்கவில்லையாம். புது வடிகட்டி வாங்கி, கம்பெனி மென்பொருளைத் திரும்ப ஏற்றி, ஆறு வாரம் கழித்து வந்தார். மென்பொருள் ஏற்றியதில் சுயசோதனைகள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தன. இந்த வகை வண்டிக்கு இரண்டு வரை முடியாமல் இருக்கலாம், அவருக்கு நான்கு பாக்கி. ஒரு வாரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மூன்றாம் முறை பாஸ். சான்றிதழுக்கு மாநிலம் வாங்கும் கட்டணம் 8.25 டாலர். வடிகட்டிக்கு எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை.