விலை இறங்கிய சொகுசுக் காரின் இறங்காத செலவு

பயன்படுத்திய கார்களை வாங்குவதற்கு முன் பரிசோதித்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது சென்னையில் என் தொழில். அதற்கு முன் பல ஆண்டுகள் பட்டறையில் இயந்திரம் பிரித்த கை இது. அண்மைக் காலமாக வாரத்திற்கு இரண்டு பேராவது ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "புது எஸ்.யூ.வி. விலைக்கு எட்டு வருஷத்து ஜெர்மன் செடான் கிடைக்குது சார், தினமும் ஆபீசுக்கு ஓட்ட எடுக்கலாமா?" எடுக்கலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். ஆனால் எந்த வண்டியை, எந்தச் சாலைக்கு, கையில் எவ்வளவு மீதம் வைத்துக்கொண்டு என்பதைப் பேசாமல் அந்தப் பதிலைச் சொல்வதில்லை.

முதலில் கணக்கு. 60 இலட்சத்திற்கு விற்ற ஒரு கார் எட்டு ஆண்டுகளில் 18 இலட்சத்திற்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. அதன் முகப்பு விளக்கு, ஏ.சி. கம்ப்ரசர், சஸ்பென்ஷன் கை, கியர்பாக்ஸ் எண்ணெய் ஆகிய எவற்றுக்கும் வண்டியின் வயது தெரியாது. அவை இன்றும் 60 இலட்ச ரூபாய்க் காரின் பாகங்களாகவே, ஆண்டுதோறும் ஏறும் விலையில்தான் விற்கின்றன. ஆகவே 18 இலட்சம் வைத்திருப்பவர் 14 இலட்சத்திற்கு மேல் வண்டி பார்க்க வேண்டாம் என்பதே என் முதல் அறிவுரை. மீதம் நான்கு இலட்சம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கான பராமரிப்புப் பணம். அதை ஆரம்பத்திலேயே செலவாகிவிட்டதாக எண்ணிக்கொள்வது நல்லது.

காப்பீடு இதைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் பாலிசியின் தேய்மான அட்டவணையை ஒரு முறை படிக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வயது எதுவாயினும் 50 சதவீதம் கழிக்கப்படும். உலோகப் பாகங்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான வண்டியில் 40 சதவீதமும், பத்து ஆண்டைக் கடந்தால் 50 சதவீதமும் கழியும். இந்தக் கழிவைத் தவிர்க்கும் 'ஜீரோ டெப்' கூடுதல் காப்பைப் பழைய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை. பம்பரின் வெளியுறை பிளாஸ்டிக் என்பதையும், அதில்தான் பார்க்கிங் சென்சார்களும் சில வண்டிகளில் ரேடாரும் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், சிக்னலில் ஓர் ஆட்டோ லேசாக இடிப்பதன் விலை விளங்கும்.

அடுத்து, பானெட்டைத் திறப்பதற்கு முன் வாங்குபவரிடம் நான் கேட்கும் கேள்விகள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு பயணம் எவ்வளவு நேரம், வண்டி எங்கே நிற்கும்? வேளச்சேரியில் குடியிருந்து பெருங்குடி வரை நாள்தோறும் போய்வரும் ஓர் இளைஞர், எரிபொருள் மிச்சமாகும் என்று ஒரு டீசல் செடானுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். வண்டி நல்ல வண்டிதான். அவருடைய பயணம்தான் அதற்குப் பொருந்தவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ள அதற்கு நல்ல வெப்பமும், சற்று நேரம் நிற்காத ஓட்டமும் தேவை. பத்து கிலோமீட்டரை முக்கால் மணி நேரம் ஊர்ந்து கடக்கிறவருக்கு அந்த ஓட்டம் வாய்ப்பதே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், எரியாமல் மிஞ்சிய டீசல் இன்ஜின் எண்ணெயில் கலந்து அதன் அளவை ஏற்றும். வாரம் ஒரு முறை திருச்சிக்கோ பெங்களூருக்கோ போகிறவருக்கு அதே வண்டி ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராது. முன்பணத்தில் பாதியை விட்டுவிட்டு அந்த இளைஞர் வெளியே வந்தார். அது அவருக்கு மலிவாகக் கிடைத்த பாடம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கு என் சொந்தத் தேர்வு, பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் செடான். டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், சற்று மேலே போனால் லெக்சஸ் இ.எஸ்.300எச். டர்போ இல்லாத 2.5 லிட்டர் இன்ஜின், மோட்டாரோடு இணைந்த எளிமையான கியரமைப்பு, வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் மெதுவாகத் தேயும் பிரேக் பேடுகள் என நெரிசல் அதற்குப் பகை இல்லை. வாங்கும்போது ஹைப்ரிட் பேட்டரியின் நிலைமை அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வழியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னிருக்கையில் நாய் பயணித்த வண்டிகளில் அங்கே உருண்டையாகத் திரண்ட முடியை எடுத்திருக்கிறேன். ஜெர்மன் சின்னம் தரும் கிளர்ச்சியை இந்த வண்டிகள் தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெட்ரோல் வண்டி எடுப்பவர்கள் எரிபொருள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பார்க்க வேண்டும். பழைய ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இ5 அல்லது இ10, அதாவது 5 அல்லது 10 சதவீத எத்தனால் வரை, என்றே இருக்கும். இன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் பாய்வதோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதனால் வண்டி நாளைக்கே நின்றுவிடாது. ஆனாலும் எரிபொருள் குழாய்களையும் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துவிடுவது பாதுகாப்பு.

இன்ஜின், கியர்பாக்ஸ் வகையைப் பெயர் சொல்லிக் கேட்டறிவது அவசியம். பி.எம்.டபிள்யூ. 520டி-யில் 2014 வரை வந்த என்47 இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின், கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் அமைந்தது. முற்பகுதியில் தயாரான இன்ஜின்களில் அந்தச் செயினின் தேய்மானம் உலகம் முழுவதும் பேசப்பட்ட குறை. செயினைத் தொடவே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதால் கூலி பாகத்தின் விலையை மிஞ்சிவிடும். காலையில் இயக்கும்போது பின்பக்கத்திலிருந்து உரசும் சத்தம் கேட்டால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். பி.எம்.டபிள்யூ.வும் ஆடியின் சில வகைகளும் பயன்படுத்தும் இசட்.எஃப். எட்டு கியர் பெட்டி அருமையானது. அதன் எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று விற்பனை மேசையில் சொல்லப்பட்டாலும், அதைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கோடா சூப்பர்பின் 1.8 பெட்ரோல் வகையில் வந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்ற இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்டது. ஊர்ந்து நகரும் போக்குவரத்தில் சூடேறும் இயல்புடையது. கிளட்சையும் கியரையும் இயக்கும் அதன் மெக்கட்ரானிக் பகுதி மாற்றப்பட்டதா என்று தெரிந்த பிறகே விலை பேச வேண்டும்.

இனி, நான் அதிக நேரம் செலவிடும் இடத்திற்கு வருகிறேன்: சர்வீஸ் வரலாறு. 35,000 கிலோமீட்டர் ஓடிய ஒன்பது வயது வண்டி என்றதும் வாங்குபவரின் முகம் மலர்கிறது. எனக்கோ சந்தேகம் பிறக்கிறது. மீட்டரைக் குறைப்பது கடினமான வேலை அன்று. ஆனால் பல சொகுசுக் கார்களில் ஓட்டத்தின் கணக்கு டாஷ்போர்டில் மட்டுமின்றி இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. அந்த வண்டிக்கு உரிய ஸ்கேனரை மாட்டினால் ஒன்று 38,000 என்றும் இன்னொன்று 1,12,000 என்றும் சொல்வதை நேரில் கண்டிருக்கிறேன். ஸ்கேனர் இல்லாதவர் ஸ்டியரிங் தோலின் வழுவழுப்பையும், பிரேக் மிதியின் ரப்பரையும், ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து இருக்கை விளிம்பையும் பார்த்தாலே பாதி உண்மை தெரியும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். வண்டியின் வயதையும் ஓட்டத்தையும் டயரின் பிறப்போடு ஒப்பிட்டால் சில கதைகள் அங்கேயே கலைந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் பில்லோடு பராமரித்து 95,000 ஓடிய வண்டியை, பில்லே இல்லாத 35,000 வண்டிக்கு மேலாக எந்த நாளும் பரிந்துரைப்பேன்.

சென்னையில் வாங்குகிறவர் கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அடித்தளப் பார்க்கிங்குகளில் மூழ்கிய சொகுசுக் கார்கள் ஏராளம். முழு இழப்பு என்று காப்பீட்டில் தீர்க்கப்பட்டவற்றில் பல ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வேறு ஊர் வழியாகத் திரும்பச் சந்தைக்கு வருகின்றன. சாதாரணக் காரை விடச் சொகுசுக் காருக்குத் தண்ணீர் பெரிய எதிரி. ஏனெனில் அதன் மின்னணுப் பெட்டிகள் பலவும் இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் தரைக்குக் கீழும் இருக்கின்றன. அவற்றின் இணைப்பு ஊசிகளில் பச்சை பூக்க ஓராண்டு ஆகலாம். அதற்குள் வண்டி உங்கள் பெயருக்கு மாறியிருக்கும்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருக்காக ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தேன். பளபளவென்று இருந்தது, உள்ளே மல்லிகை வாசம் தூக்கலாக இருந்ததுதான் முதல் உறுத்தல். நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்தேன். பின்பக்கத்து ஒன்றின் அடிப்பகுதியில் வண்டல் கோடு நேராக ஓடியது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் காய்ந்த சேறு. பின்விளக்கின் உள்ளே ஆவி படிந்த தடம். விற்பவர், "மழையில கண்ணாடி திறந்திருந்துச்சு சார்" என்றார். மழை சீட் பெல்ட்டின் சுருளுக்குள் வண்டல் கொண்டு போவதில்லை. பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், யாரும் செய்யலாம். இனி உங்கள் வண்டியே தண்ணீரில் சிக்கினாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து ஏற்படும் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை, அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கப் போகும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். காலையில் போய் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே இயக்கிவிட்டார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். செயின் சத்தம், புகை, கியர்பாக்ஸின் தயக்கம் ஆகிய எல்லாமே குளிர்ந்த இன்ஜினில்தான் ஒளிவில்லாமல் வெளிப்படும். பிறகு நாற்பது நிமிடமாவது நெரிசலிலும் திறந்த சாலையிலும் ஓட்டி, கடைசியில் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இயங்கவிட வேண்டும். வெப்பமானியின் முள் நகர்ந்தாலோ, ஏ.சி.யின் குளிர் குறைந்தாலோ குளிர்விப்பு அமைப்பில் வேலை இருக்கிறது. நம் வெயிலில் கூலன்ட் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகள் வறண்டு நொறுங்கும் தன்மை அடைகின்றன. கசிவுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சமாளித்த வண்டிகளில் கூலன்ட் தொட்டியின் உட்சுவரில் பழுப்புப் படலம் தெரியும்.

வேகத்தடைகளைப் பற்றி ஒரு சொல். 2017-இல் இந்தியாவுக்கு வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் நீட்டிக்கப்பட்ட வகை. அதன் மொத்த நீளம் ஐந்து மீட்டரையும், சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் மூன்று மீட்டரையும் கடந்தது. பின்னால் அமர்பவருக்கு அது சொர்க்கம். ஆனால் உங்கள் தெருமுனையில் மாநகராட்சி கட்டாத, அண்டை வீட்டார் கட்டிய வேகத்தடை இருந்தால் வண்டியின் வயிறு உரசும். சோதனை ஓட்டத்தில் உங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து, உங்கள் பார்க்கிங்கில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ரன்-ஃபிளாட் டயர், அதாவது காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் டயர், கொண்ட வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி இருக்காது என்பதும், பள்ளம் நிறைந்த சாலையில் அந்த டயர்கள் அதிர்வைக் கூட்டித் தரும் என்பதும் தினசரி ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசின் பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு நிலுவையில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். கடன் தீர்ந்திருந்தால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35, பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30. பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வந்தன, வருகின்றன. அவற்றுக்குப் படிவம் 28-இன் கீழ் தடையில்லாச் சான்றும், இங்கே புதிதாகக் கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்ந்தால் மலிவு என்ற சொல் பல நேரம் நிற்பதில்லை. பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ-கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

வண்டி வந்த முதல் வாரத்தில் இன்ஜின் எண்ணெய், கூலன்ட், பிரேக் திரவம் ஆகியவற்றைப் பழைய உரிமையாளரின் சொல்லை நம்பாமல் மாற்றிவிடுங்கள். பேட்டரி பழையதாக இருந்து மாற்றுவதானால், பி.எம்.டபிள்யூ. போன்ற வண்டிகளில் புதிய பேட்டரியை ஸ்கேனர் வழியாக வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். தெருமுனைக் கடையில் மாட்டிவிட்டு அப்படியே அனுப்பினால், வண்டி பழைய பேட்டரி என்று நினைத்தே அதற்கு மின்னேற்றும், புதியது சீக்கிரம் கெட்டுவிடும். மாட்டுகிறவரிடம் பதிவு செய்யும் கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு வண்டியை உள்ளே விடுங்கள்.