மெயிலுக்கு லேபிள் எதற்கு, தேடல் எதற்கு

மெயிலில் எதையாவது தேடும்போது, ஒவ்வொரு கடிதமாகத் திறந்து படித்துப் பார்த்துத்தான் கணினி விடை சொல்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. கடிதம் வந்து சேரும்போதே அதிலுள்ள சொற்களைப் பிரித்தெடுத்து, எந்தச் சொல் எந்தெந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துவிடுகிறது. தடித்த புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. 'பிரீமியம் ரசீது' என்று தட்டினால் பிரீமியத்தின் வரிசை, ரசீதின் வரிசை இரண்டையும் எடுத்து, இரண்டிலும் இருக்கும் கடிதங்களை மட்டும் காட்டும். ஆயிரக்கணக்கில் மெயில் கிடந்தாலும் நொடியில் விடை வருவது இதனால்தான்.

இவ்வளவு வசதி இருக்கும்போது ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கி வைப்பதில் பலன் உண்டா? ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேரின் மெயில் பழக்கத்தைக் கவனித்து, பழைய கடிதங்களைத் தேடிய 85,000-க்கும் மேற்பட்ட தருணங்களை அலசி, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபோல்டருக்குள் போய்த் தேட சராசரியாக ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. தேடல் பெட்டிக்கு ஆனது சுமார் 17 நொடி. பார்த்துப் பார்த்து அடுக்கியவர்களுக்குக் கடிதம் கூடுதலாகக் கிடைத்துவிடவும் இல்லை.

அதனால் அனுப்பியவர் பெயரில் ஒரு ஃபோல்டர், வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று போடுவது வீண் வேலை என்பது என் கருத்து. பெயரும் தேதியும் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. கடிதத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்கத்தான் நம் கை தேவைப்படுகிறது.

வருமான வரித் தாக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டு ரசீது ஒரு நிறுவனத்திலிருந்து வரும், வீட்டுக் கடன் வட்டிச் சான்று வங்கியிலிருந்து வரும், நன்கொடை ரசீது ஓர் அறக்கட்டளையிலிருந்து வரும். இந்த மூன்றை மட்டும் சேர்த்துப் பிடிக்கும் பொதுச் சொல் பெரும்பாலும் இருக்காது. வந்த அன்றே 'வரி 2025-26' என்று லேபிள் ஒட்டிவிட்டால், ஜூலையில் ஒரே தட்டில் மூன்றும் வந்து நிற்கும். 2004-இல் வந்த ஜிமெயில் ஃபோல்டருக்குப் பதில் லேபிளைக் கொண்டுவந்ததன் அருமை இங்கேதான் தெரியும்: வட்டிச் சான்றுக்கு 'வரி', 'வீடு' இரண்டையும் ஒட்டலாம்.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'ரசீதை அனுப்பியுள்ளேன்' என்று நண்பர் எழுதியிருப்பார், நாம் 'ரசீது' என்று தேடுவோம். சொல்லை அப்படியே ஒப்பிடும் பட்டியலுக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'ரசீதில்', 'ரசீதுக்கு' எல்லாம் தனித்தனி. ஆகவே, தமிழ் மெயில் அனுப்பும்போது முக்கியமான சொல்லை வேற்றுமை உருபு சேர்க்காமல் தலைப்பில் ஒருமுறை போட்டுவிடுங்கள். 'வாடகை ரசீது, மார்ச் 2025' என்பது போல. மொபைலில் படம் பிடித்து அனுப்பும் ரசீதுக்கு இது இன்னும் அவசியம்; படத்துக்குள் இருக்கும் எழுத்து பட்டியலில் ஏறும் என்று நம்பியிருக்க முடியாது.

அப்புறம், பழைய மெயிலுக்குப் பதில் போடுவதுபோல் புது விஷயம் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு மெயிலுக்கும் தனி அடையாள எண் உண்டு. பதில் எழுதினால் மூல மெயிலின் எண்ணும் அதில் கூடவே போகும். அதை வைத்துத்தான் உரையாடல்கள் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. கல்யாண அழைப்புக்கு வந்த பதிலில் வாடகை ஒப்பந்தத்தை இணைத்தால், அது கல்யாணத் தலைப்பின் கீழேயே தங்கிவிடும்.