தோரா: சட்டமா, வேதமா, போதகமா?

தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாம் சங்கீதம், கர்த்தருடைய ‘வேதத்தில்’ பிரியமாயிருக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. யோசுவாவின் முதல் அதிகாரத்தில், ‘நியாயப்பிரமாண புஸ்தகம்’ உன் வாயைவிட்டுப் பிரியக் கூடாது என்று வருகிறது. நீதிமொழிகளின் முதல் அதிகாரத்தில், ‘தாயின் போதகத்தை’த் தள்ளாதே என்று மகனுக்குப் புத்தி சொல்லப்படுகிறது. வேதம், நியாயப்பிரமாணம், போதகம். எபிரேய மூலத்தில் மூன்று இடத்திலும் இருப்பது ஒரே சொல்தான்: தோரா. யூதர்கள் தங்கள் வேதத்தின் முதல் ஐந்து நூல்களை அழைக்கும் பெயரும் இதுதான்.

இந்த மூன்றில் எது சரி? என்னைக் கேட்டால், தாயின் வாயில் வருகிறதே, அந்தப் போதகம்தான்.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. தோராவின் வேர்ச்சொல்லுக்குக் கற்பித்தல், வழிகாட்டுதல் என்று பொருள். ஆசிரியரைக் குறிக்கும் ‘மோரே’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். இன்றைக்கும் இஸ்ரேலில் பள்ளிக்கூட வாத்தியார் மோரேதான். அம்பை எய்தல் என்ற பொருளும் அந்த எழுத்துகளுக்கு உண்டு. குறியை நோக்கி எய்வதையும் ‘இதோ வழி’ என்று சுட்டிக் காட்டுவதையும் இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் ‘சட்டம்’ எங்கிருந்து வந்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். பெயர்த்தவர்களும் யூதர்களே. தோரா என்று வந்த இடங்களில் பெரும்பாலும் ‘நோமோஸ்’ என்று போட்டார்கள். நோமோஸ் என்றால் சட்டம், வழக்கம். லத்தீன் அதை ‘லெக்ஸ்’ ஆக்கியது, ஆங்கிலம் ‘லா’ ஆக்கியது. தமிழில் அது நியாயப்பிரமாணம் ஆனது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் திருச்சட்டம் ஆனது. இது பிழை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தோராவுக்குள் 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபே கணக்குச் சொல்கிறது. ஆனால் முதல் புத்தகமான ஆதியாகமம் கிட்டத்தட்ட முழுக்கக் கதை. ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்படுவதும், யோசேப்பைக் கூடப்பிறந்தவர்களே விற்றுவிடுவதும் எந்தச் சட்டப் புத்தகத்தில் வரும்? போதனை என்று கொண்டால்தான் கட்டளையும் கதையும் ஒரே பெயருக்குள் அடங்கும்.

தோரா என்ற பெயர் குறிப்பாக மோசேயின் ஐந்து நூல்களுக்கு உரியது. ஐந்தையும் சேர்த்து அச்சிட்ட புத்தகத்துக்கு ‘ஹுமாஷ்’ என்று பெயர். ஐந்து என்பதற்கான எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது அது. நம்முடைய ‘ஐந்நூல்’ இதற்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

யூத வேதத்தின் முழுத் தொகுப்புக்குப் பெயர் ‘தனாக்’. இது ஒரு சுருக்கப் பெயர். தோரா, நெவீஇம் என்ற இறைவாக்கினர் நூல்கள், கெதுவீம் என்ற எழுத்துகள், இந்த மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கியது. கெதுவீமின் வேரும் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ‘கிதாபு’வின் வேரும் ஒன்றுதான்.

தனாக்கைப் ‘பழைய ஏற்பாடு’ என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். கிறிஸ்தவர்கள் அப்படிச் சொல்வதில் தவறே இல்லை, அது அவர்கள் வைத்த பெயர். ஆனால் யூதர்களைப் பற்றி எழுதும்போது அது பொருந்தாது. புதிய ஏற்பாடு அவர்களுடைய வேதத்தில் இல்லை. அப்புறம் இதை எப்படிப் பழையது என்பார்கள்? வரிசையும் வேறு. சீர்திருத்த சபைகளின் பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள். அதே நூல்களை யூதர்கள் 24 என்று எண்ணுகிறார்கள். சிறு தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரும் அங்கே ஒரே நூல். பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது. தனாக் நாளாகமத்தோடு முடிகிறது. அதனால் ‘தனாக்’ என்றோ ‘எபிரேய வேதாகமம்’ என்றோ எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

தமிழ் முஸ்லிம்கள் மூஸா நபிக்கு அருளப்பட்ட வேதத்தைத் ‘தவ்ராத்’ என்கிறார்கள். தோராவின் அரபு வடிவம் அது. ‘த’ அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘டோரா’ என்று எழுதுவதை விட்டுவிடலாம்.

தனித்தமிழ் ஆர்வத்தில் ‘யூத மறை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அழகான சொல்தான். ஆனால் மறை என்றதும் மறைந்திருப்பது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கட்டளை உனக்கு எட்டாததோ தூரமானதோ அல்ல என்று உபாகமத்தில் மோசே சொல்கிறார். தோரா ஊர் கூடியிருக்கும்போது உரக்கப் படிக்கப்படுவது.

அந்தப் படிப்பை ஒரு தரம் கவனித்துப் பாருங்கள். திங்கள், வியாழன், சனி காலைகளில் ஜெப ஆலயத்துப் பேழையிலிருந்து தோல் சுருளை எடுத்து வந்து மேடையில் விரிப்பார்கள். 3,04,805 எழுத்துகள், அத்தனையும் இறகு அல்லது நாணல் பேனாவால் கையால் எழுதியவை. ஓர் எழுத்து பிழையானாலும், அதைத் திருத்தும்வரை அந்தச் சுருளைப் படிக்க எடுக்க மாட்டார்கள். உயிர்க்குறிகள் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது. படிப்பவர் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வந்திருக்க வேண்டும். தோலின் மேல் விரல் படக் கூடாது என்பதால் ‘யாத்’ என்ற கோலால் வரியைச் சுட்டிக்கொண்டே போவார். யாத் என்றால் கை. கோலின் நுனியில் நீட்டிய ஆள்காட்டி விரலோடு சின்னஞ்சிறு கை ஒன்று இருக்கும்.

தனாக்கின் இன்னொரு பெயரான ‘மிக்ரா’ இங்கேதான் பொருள்படுகிறது. உரக்கப் படிக்கப்படுவது என்று அதற்கு அர்த்தம். குர்ஆன் என்ற பெயரும் இதே வேர்தான். நம்மிடம் இதற்கு மிகப் பழைய சொல் ஒன்று உண்டு: ஓத்து. பார்ப்பான் ஓத்தை மறந்தாலும் திரும்பக் கற்றுக்கொள்ளலாம் என்று திருக்குறள் சொல்லும்போது, அங்கே ஓத்து என்பது வேதம். ஓதுவார் தேவாரம் ஓதுகிறார், பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுகிறார்கள். ராகம் கூட்டி உரக்கச் சொல்வதற்குத் தமிழ் வைத்திருக்கும் வினை இது.

சரி, எப்படித்தான் எழுதுவது? பெயராக வரும்போது தோரா என்றே எழுதலாம். முதல் தடவை வருமிடத்தில் ‘போதனை என்று பொருள்’ என ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். ஐந்து நூல்களையும் ஒன்றாகச் சொல்லும்போது ஐந்நூல், முழுத் தொகுப்புக்குத் தனாக். ஜெப ஆலயத்தில் நடப்பதை எழுத வேண்டி வந்தால், ‘தோரா ஓதினார்கள்’ என்றே எழுதுங்கள்.