லாரியை நிரப்பினால் வாடகை மிச்சமா?

லாரியில் கால்வாசி இடம் காலியாக வந்தால், "ஏதாவது சேர்த்துப் போட்டுவிடலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அதில் பல சமயம் ஒரு காசும் மிச்சமில்லை.

வாரம் 18 பேலட் (சரக்கை அடுக்கி ஏற்றும் தட்டு) விற்கிறது, லாரியில் 24 பிடிக்கும், ஆர்டர் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 6 பேலட் கூட ஏற்றினால் அடுத்த வாரத் தேவை 12 ஆகக் குறைகிறது. அந்த லாரியை நிரப்ப 12 கூடுதல் வேண்டும். மூன்றாம் வாரம் தேவை 6, கூடுதல் 18. நான்காம் வாரம் லாரியே வேண்டாம். 72 பேலட் மூன்றே லாரியில் வந்துவிட்டது. ஆனால் நான்காவது லாரியை ரத்து செய்தால்தான் மிச்சம். வந்தாலும் வராவிட்டாலும் வாடகை என்ற ஒப்பந்தம் இருந்தால், பணத்தைச் சரக்கில் முடக்கியதுதான் பலன்.

இப்படிச் செய்யும்போது, பாதுகாப்பு இருப்பு (விற்பனை எதிர்பாராமல் கூடினால் சமாளிக்க வைத்திருக்கும் சரக்கு) நீங்கலாக, சராசரி ஸ்டாக் 9 பேலட்டிலிருந்து 18 ஆகிறது. கிழமை பார்க்காமல், விற்றது 24 பேலட்டை எட்டியதும் ஆர்டர் போட்டால் சராசரி 12 போதும். லாரி ஏறத்தாழ 9⅓ நாளுக்கு ஒருமுறை வரும். இறக்கும் ஆட்களைக் கிழமை வைத்து ஒதுக்கும் கிடங்குக்கு இது தலைவலிதான்.

இடைவெளி நீண்டால் பாதுகாப்பு இருப்பையும் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். ஆர்டர் இடைவெளியையும் சரக்கு வந்துசேரும் நாட்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் ஏற்றுவது வழக்கம். வந்துசேர 3 நாள் என்றால் 10 நாள் 12⅓ ஆகிறது. பாதுகாப்பு இருப்பு சுமார் 11% கூட வேண்டும். விற்பனை மந்தமாகி வாரம் 12 பேலட் ஆனால், 24 சேர 14 நாள் பிடிக்கும். அதற்குள் ஏதோ ஒரு பொருள் மட்டும் தீர்ந்துபோகும். ஆகவே இன்னொரு விதியும் தேவை: எந்தப் பொருளாவது அதன் மறுஆர்டர் அளவை (இருப்பு இதற்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும் என்று வைத்த அளவு) தொட்டுவிட்டால், லாரி நிரம்பாவிட்டாலும் ஆர்டர் போக வேண்டும். இது அடிக்கடி நடந்தால், அந்தப் பொருளின் அளவுகளைத் திருத்துங்கள்.

நிரப்புவதற்கு எதை ஏற்றுவது? கைக்கு எளிதானதை அல்ல. நாளுக்கு 0.3 பேலட் விற்கும் பொருளை 6 பேலட் ஏற்றினால் 20 நாள் சரக்கு கூடிவிடும். எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பார்த்து, மிகக் குறைவாக உள்ளதற்கு ஒவ்வொரு பேலட்டாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எடையையும் கூடவே கூட்டுங்கள்; கனமான சரக்கில் இடம் மிஞ்சும்போதே எடை வரம்பு வந்துவிடும். காலாவதி நெருக்கமுள்ளதையும், நிறுத்தப்போகும் பொருளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.