பத்து மணிக்கும் ஆறாத கூரை

சித்திரை மாதம் நாகர்கோவிலில் ஒரு கான்கிரீட் வீட்டின் மாடி அறையில் படுத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு வெளியே காற்று குளிர்ந்திருக்கும். உள்ளே ஃபேனைப் போட்டால் வெக்கைதான் இறங்கும். ஸ்டூலில் ஏறி மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்தால் இன்னும் சூடு தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டு கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதனால் சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் சில மணி நேரம் கழித்து, நாம் தூங்கப் போகும்போது கீழே விடுகிறது. கரண்ட் செலவு குறைந்த வீடு வேண்டுமென்றால் முதல் கவனம் கூரைக்குத்தான். ஏசி எல்லாம் அப்புறம்.

தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் உச்சி வெயிலில் நுழைந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி மறக்காது. சாய்ந்த ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே மரத் தட்டு, இரண்டுக்கும் நடுவே காற்று. காற்று சூட்டை எளிதில் கடத்தாது. சூடேறியதும் ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். தாழ இறங்கும் இறவாரம் சுவரில் வெயில் படாமல் காக்கிறது.

சரி, இன்று மரத்துக்கு எங்கே போவது? கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரவலாக்கிய முறை ஒன்று இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் மேல்பாதி அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசை, அதைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் பாரம். கம்பிகளுக்கு இடையே இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வார்த்தால் சிமெண்ட் குறையும், ஓடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று சூட்டையும் மட்டுப்படுத்தும். சிமெண்ட் மிச்சமாவது சின்ன விஷயமில்லை. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருள் புகை போக, கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

ஏற்கனவே கட்டிய வீடு என்றால் மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். சோலார் தகடுகளைச் சற்று உயர்த்தி மாட்டினால் அவையும் நிழல் தரும்.

புதிதாகக் கட்டுபவர்கள் சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்பே இன்ஜினியரிடமும் கொத்தனாரிடமும் பேசிவிடுங்கள். கம்பி இடைவெளி ஓட்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும். ஓட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது இறக்கி, கொல்லையில் பாசி பிடிக்க அடுக்கி வைத்திருக்கிறோமே, அதுவே போதும்.