ஒரு வினாடிக்கு 463 மீட்டர்: விமானிக் கைக்கடிகாரங்கள் உருவான கணக்கு

பூமத்திய ரேகையின் மேல் ஒரு வினாடி என்பது ஏறத்தாழ 463 மீட்டர். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு மணிக்கு 15 பாகையும், நான்கு வினாடிக்கு ஒரு கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது ஒரு கடல் மைலும், சூரியனுக்குக் கீழே நகர்ந்துவிடுகின்றன. கடலுக்கு மேல் பறக்கும் விமானத்தில் வழிகாணும் அதிகாரி, செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீனின் உயரத்தை எத்தனை நுட்பமாக அளந்தாலும், அவர் மணிக்கட்டிலுள்ள கடிகாரம் அரை நிமிடம் தவறியிருந்தால், வரைபடத்தில் அவர் குறிக்கும் புள்ளி கிழக்கிலோ மேற்கிலோ கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் விலகிப் போகும். பழைய விமானிக் கடிகாரங்களைச் சேகரிக்க விரும்புகிறவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பேன். அழகுக்காக வைத்தவை என்று நாம் எண்ணும் பல அம்சங்கள் இதிலிருந்துதான் பிறந்தன.

1920களின் பெரும்பாலான கைக்கடிகாரங்களில் சாவியை வெளியே இழுத்தால் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் திருத்தலாம். வினாடி முள்ளோ தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, வானொலியில் வரும் நேரக்குறிப்போடு வினாடியைப் பொருத்த வழியில்லாமல் இருந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிலிப் வான் ஹார்ன் வீம்ஸ் இதற்குக் கண்ட தீர்வு வியக்கத்தக்க எளிமையுடையது: முள்ளை நகர்த்த முடியாவிட்டால், அதன் கீழுள்ள வினாடி வட்டத்தைச் சுழற்றிப் பொருத்திக்கொள்ளலாம். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் வீம்ஸிடம் வழிகாணும் கலையைப் பயின்றவர். லிண்ட்பெர்க் வகுத்த வடிவத்தை 1931இல் லாஞ்ஜீன் நிறுவனம் கடிகாரமாக்கியது. அதில் மணி முள் 12 மணி நேரத்தில் 180 பாகையைக் காட்டும். நிமிட முள் ஒரு சுற்றில் 15 பாகையைக் காட்டும். விளிம்பு வளையத்தைத் திருப்பினால், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டின் போக்கில் கால் மணி வரை முன்பின்னாக மாறுவதையும் சரிசெய்துகொள்ளலாம். நேரத்தைப் படித்துக் கோணமாக மாற்றும் வேலையைக் கடிகாரமே செய்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படைக்காக ஏ. லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஐ.டபிள்யூ.சி. ஆகிய ஐந்து நிறுவனங்கள் செய்த 55 மில்லிமீட்டர் கடிகாரங்களில் சாவியை இழுத்தால் வினாடி முள்ளும் நின்றுவிடும். நேரக்குறிப்பு வந்த கணத்தில் அழுத்தினால் ஓடத் தொடங்கும். 12 மணி இடத்தில் உள்ள முக்கோணமும் இரு புள்ளிகளும், இருட்டில் முகப்பின் மேற்பக்கம் எது என்று கண்ணுக்கு உடனே உணர்த்துவதற்காக அமைந்தவை. 1941 முதல் வந்த இரண்டாம் வகை முகப்பில் மணி எண்கள் உள்வட்டத்துக்கு ஒதுங்க, நிமிட எண்கள் பெரிதாக வெளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டன. வழிகாணுபவருக்கு மணி தெரிந்ததே. நிமிடமும் வினாடியுமே தேவைப்பட்டன.

வினாடியைச் சரியாகப் பொருத்துவது பாதி வேலைதான். அது தவறாமல் ஓடவும் வேண்டும். விமான அறையில் அதைக் கெடுக்கும் முக்கியப் பகை காந்தப்புலம். கடிகாரத்தின் சமன்சக்கரத்தை ஆட்டுவிப்பது மயிரிழை போன்ற ஒரு சுருள்வில். அதில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது வில்லின் பயன்படும் நீளம் குறைந்து, அது விறைப்பாகி, சக்கரம் விரைந்து ஆடுவதால், கடிகாரம் ஒரு நாளில் பல நிமிடங்கள்கூட முந்திவிடும். பிரிட்டன் விமானப் படைக்காக 1948இல் உருவான மார்க் 11 கடிகாரத்தில் இயந்திரத்தைச் சுற்றித் தேனிரும்பால் ஓர் உள்கூடு அமைத்தார்கள். காந்தப்புலத்துக்குக் காற்றைவிடத் தேனிரும்பு மிக எளிய பாதை என்பதால், அது கூட்டின் வழியே சுற்றிச் சென்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் வில் தப்பிக்கிறது. 36 மில்லிமீட்டருக்குள் இதைச் சாதித்த மார்க் 11ஐத்தான் இந்த வகையில் மிகச் சிறந்த கடிகாரமாக நான் மதிக்கிறேன். இன்று புதிதாக விமானிக் கடிகாரம் வாங்குபவரும், முக்கோணம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், வினாடி முள் நிற்கிறதா, காந்தக் காப்பு உண்டா என்று கேட்பது நல்லது.

பிரைட்லிங் நிறுவனம் 1952இல் வடிவமைத்த நேவிடைமர் வேறு வழியில் போனது. அதன் விளிம்பில் மடக்கை அளவுகோல்கள் இரண்டு உள்ளன. 10 நிமிடத்துக்கு 15 லிட்டர் எரிபொருள் செலவானால், 15ஐ 10க்கு நேராக வைத்தால் போதும். 40 நிமிடத்துக்கு நேராக 60 லிட்டர் என்பது தானே தெரியும்.

சேகரிப்பாளர் மிகவும் கவனிக்க வேண்டியது முகப்பின் ஒளிர்பூச்சு. 1940களில் துத்தநாக சல்பைடோடு ரேடியத்தைக் கலந்து பூசினார்கள். ரேடியம் 226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஆனால் அது வெளியிடும் ஆல்பா துகள்கள் சல்பைடின் படிகங்களைச் சில பத்தாண்டுகளில் சிதைத்துவிடுகின்றன. ஒளி அணைந்த பிறகும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. ஆகையால் அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்கக் கூடாது. உதிரும் தூசியைச் சுவாசிப்பதே பெரிய ஆபத்து. பிற்காலத்தில் வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுளோ 12.3 ஆண்டுகள்தான். முகப்பை அழித்துப் புதிதாகப் பூசி விற்பது உலகெங்கும் நடக்கிறது. நம் நாட்டில் எச்.எம்.டி. பைலட் கடிகாரங்களிலும் அசல் கறுப்பு முகப்பு மறைந்து பல வண்ணப் பூச்சோடு வருபவை ஏராளம். எனவே 1940களின் கடிகாரம் என்று ஒருவர் நீட்டினால், அதை விளக்கொளியில் சிறிது நேரம் காட்டிவிட்டு இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எண்கள் பளிச்சென்று நெடுநேரம் ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு 1940களில் பூசப்பட்டதாக இருக்க முடியாது.