கைவிடப்பட்ட ஆண்டெனாவிலிருந்து ஒரு வானொலித் தொலைநோக்கி

கானாவின் தலைநகரான அக்ராவை அடுத்த குன்டுன்ஸேயில் 32 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆண்டெனா ஒன்று நிற்கிறது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளைச் செயற்கைக்கோள் வழியே அனுப்பவும் பெறவும் அமைக்கப்பட்ட தரை நிலையத்தின் ஆண்டெனா அது. ஆப்பிரிக்கக் கரைகளைக் கடலடிக் கண்ணாடியிழை வடங்கள் எட்டிய பிறகு, இதைப் போன்ற ஆண்டெனாக்களுக்குக் கண்டம் முழுவதும் வேலை குறைந்துபோயிற்று. பிரித்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டிருக்கலாம். கானாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து அதை, விண்பொருள்களிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பதிவுசெய்யும் வானொலித் தொலைநோக்கியாக மாற்றின. 2017 ஆகஸ்டில் அது முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது.

செயற்கைக்கோள் ஆண்டெனாவும் வானொலித் தொலைநோக்கியும் அடிப்படையில் ஒன்றே. பரவளைய வடிவக் கிண்ணம் தன்மேல் விழும் அலைகளைக் குவியத்தில் சேர்க்கிறது. அங்குள்ள ஏற்பி அவற்றை மின்குறிகையாக மாற்றுகிறது. கிண்ணத்தின் பரப்பில் உள்ள மேடுபள்ளம் அலைநீளத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். தொலைத்தொடர்புக்கு வழங்கும் 4 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் அலைநீளம் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் அளவே ஆகையால், அதற்கென மில்லிமீட்டர் துல்லியத்தில் வார்த்த கிண்ணம் வானியலுக்கும் அப்படியே ஏற்றதாகிறது. இரும்புச் சட்டகம், அடித்தளம், கிண்ணம் ஆகிய செலவு மிக்க பகுதிகள் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன என்பதுதான் இந்த மாற்றத்தின் பொருளாதாரம்.

ஆனால் மாற்ற வேண்டியவையும் சிறியவை அல்ல. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள், தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும். அதை நோக்கிய ஆண்டெனா அசைய வேண்டிய தேவை மிகக் குறைவு. விண்மீன்களோ பூமியின் சுழற்சியால் மணிக்கு 15 பாகை வேகத்தில் நகர்கின்றன. 32 மீட்டர் கிண்ணம் 6.7 கிகாஹெர்ட்ஸில் ஒரு நேரத்தில் காணும் வானப்பரப்பு, முழுநிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கே. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஓர் அமைப்பை, அந்தச் சிறு வட்டத்தின் நடுவிலிருந்து பொருள் விலகாதபடி மணிக்கணக்கில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மோட்டார்களையும் பல்சக்கரங்களையும் புதுப்பிக்க வேண்டும், கோண அளவிகள் வேண்டும், கட்டுப்பாட்டு மென்பொருள் எழுத வேண்டும். கிண்ணம் தன் எடையாலேயே வளைவதையும், வெயிலில் சட்டகம் விரிவதையும் அளந்து அந்தப் பிழைகளைக் கணக்கில் கழிக்க வேண்டும். பாடநூலில் ஒரு பத்தியாக முடிந்துவிடும் இந்த வேலைதான் களத்தில் மாதக்கணக்கைத் தின்னும் என்பது பெரிய ஆண்டெனாவோடு பழகிய எவருக்கும் தெரியும்.

அடுத்த சிக்கல், வரும் குறிகையின் மெலிவு. நிலவில் ஒரு கைப்பேசி இயங்கினால், அது நம் வானத்தின் மிகப் பிரகாசமான வானொலி மூலங்களில் ஒன்றாகத் தெரியும்; இயற்கை மூலங்களில் பெரும்பாலானவை அதைவிட மிக மங்கியவை. ஏற்பியின் மின்னணுப் பாகங்கள் வெப்பத்தால் எழுப்பும் இரைச்சலே வானிலிருந்து வரும் குறிகையைவிட வலுவானது. எனவே பெரிய ஆய்வகங்கள் ஏற்பியின் முதல் பெருக்கியைத் தனிச்சுழிக்கு (சுமார் −273 பாகை செல்சியஸ்) மேல் சுமார் 20 கெல்வின் வரை குளிரவைக்கின்றன. அதற்கு வசதியில்லாத இடத்தில் நேரத்தைச் செலவிட வேண்டும்: இரைச்சல் ஒழுங்கற்றது, குறிகை நிலையானது என்பதால், நீண்ட நேரம் பதிவுசெய்து சராசரி எடுத்தால் இரைச்சல் தணிந்து குறிகை மேலெழும். நூறு மடங்கு நேரம் பதிவுசெய்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும்.

குன்டுன்ஸே முதலில் பதிவுசெய்தவற்றுள் மெத்தனால் மேசர்கள் குறிப்பிடத்தக்கவை. மிகு நிறையுள்ள விண்மீன்கள் உருவாகும் அடர்ந்த வாயுத் திரள்களில், மெத்தனால் மூலக்கூறுகள் லேசரைப் போலவே நுண்ணலையைப் பெருக்கி, அதிர்வெண் வரைபடத்தில் 6,668 மெகாஹெர்ட்ஸில் கூர்மையான கோடாகத் தெரியும்படி வெளியிடுகின்றன. பழைய தொலைத்தொடர்பு அலைவரிசைக்கு அண்டை வீடு இந்த அதிர்வெண். வாயு நம்மை நோக்கி வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் கோடு 22 கிலோஹெர்ட்ஸ் இடம்பெயரும். அந்தப் பெயர்ச்சியிலிருந்து வாயுவின் ஓட்டத்தைக் கணக்கிடலாம்.

இந்த ஆண்டெனா தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்ஹூக்கில் உள்ள 26 மீட்டர் தொலைநோக்கியோடு இணையும்போது இன்னொரு பயன் கிடைக்கிறது. இரண்டு இடங்களிலும் ஒரே பொருளை ஒரே வேளையில் பதிவுசெய்து, அணுக்கடிகாரங்களின் துணையால் பதிவுகளைப் பொருத்தினால், அவற்றுக்கிடையே உள்ள 4,600 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்த ஒரே தொலைநோக்கியின் கூர்மை கைவரும். ஐரோப்பிய ஆண்டெனாக்களுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே இருந்த நீண்ட வெற்றிடத்தில், வட தென் வானங்கள் இரண்டையும் காணவல்ல கானா அமைந்திருப்பது நல்வாய்ப்பு.

ஏழ்மையோடு போராடும் நாட்டுக்கு விண்மீன் பிறப்பைப் பற்றிய கோடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2011இல் கேப் டவுனில், தென்னாப்பிரிக்க வானியல் ஆய்வகத்தில், வளர்ச்சிக்கான வானியல் அலுவலகம் ஒன்றைத் தொடங்கியதே இந்தக் கேள்வியோடு தொடர்புடையதுதான். கல்வி, தொழில்திறன் சார்ந்த சிறு திட்டங்களுக்கு அது நிதியளித்துவருகிறது. பிரிட்டனும் தென்னாப்பிரிக்காவும் நடத்தும் வானொலி வானியல் பயிற்சித் திட்டமோ கானா, கென்யா, ஜாம்பியா, நமீபியா, மடகாஸ்கர் முதலிய எட்டு நாடுகளின் பட்டதாரிகளுக்குக் கருவியைக் கையால் இயக்கக் கற்பிக்கிறது. ஆண்டெனா புதுப்பிப்பில் கைதேர்ந்தவர் நுண்ணலைப் பொறியாளர். இரைச்சலிலிருந்து குறிகையைப் பிரிக்கப் பழகியவர் தரவு ஆய்வாளர். இவ்விருவருக்கும் தொலைத்தொடர்பு, மருத்துவப் படிமவியல், வங்கி என எங்கும் இடமுண்டு.

இதன் சிறு வடிவத்தைப் பள்ளியிலேயே செய்துபார்க்கலாம். உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைப் புனல், அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி, அதனுள் ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு செம்புக் கம்பி, ஒரு பெருக்கி, தொலைக்காட்சி அலைகளை வாங்கவென்று சந்தைக்கு வந்த யூஎஸ்பி ஏற்பி, மடிக்கணினி. புனலைப் பால்வெளிப் பட்டையை நோக்கித் திருப்பிச் சில நிமிடங்கள் சராசரி எடுத்தால், 1,420 மெகாஹெர்ட்ஸின் அருகே வரைபடத்தில் ஒரு புடைப்பு எழும்; பால்வெளியின் ஹைட்ரஜன் வாயு அது. பட்டையின் வேறிடத்துக்குத் திருப்பினால் புடைப்பு நகரும். வினாடிக்கு 1 கிலோமீட்டருக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டு, பூமி சூரியனைச் சுற்றும் வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தின் பங்கைக் கழித்தால், பால்வெளி சுழல்வது எண்ணாகவே கண்முன் நிற்கும். கழிக்க மறந்த மாணவருக்கு விடை ஒவ்வொரு பருவத்திலும் வேறாக வரும். அந்தக் குழப்பமே நல்ல பாடம் என்பேன்.

வானியல் வளர்ச்சியைக் கொண்டுவருகிறது என்ற முழக்கத்தை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மின்கட்டணத்துக்கும் உதிரிபாகத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படாத தொலைநோக்கி, திறப்புவிழாப் படத்தோடு நின்றுவிடும். பயிற்சி பெற்றவர் வெளிநாடு போய்விடுவதும் நடக்கக்கூடியதே. பலன் தெரிய ஒரு தலைமுறையாவது ஆகும் என்பதற்கு இந்தியாவே சான்று.

சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில்லில் சூரியனை ஆராய்ந்துவந்த 32 சிறு கிண்ணங்கள், ஒவ்வொன்றும் ஆறடி விட்டமுள்ளவை, தேவை முடிந்தபின் ஆஸ்திரேலிய அறிவியல் நிறுவனத்தால் இந்தியாவுக்குக் கொடையாக அனுப்பப்பட்டன. இளைஞராக அங்கே அவற்றோடு வேலை செய்திருந்த இந்திய வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் அவற்றை நிறுவினார். அங்கே தொழில் கற்ற குழுவின் அடுத்த பணி, 1970இல் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி. மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகையான 11 பாகைக்கு இணையாக இருந்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தைப் பின்தொடர முடிந்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் முழுக்க உள்நாட்டுக் கைகளுடையவை.

நிலநடுக்கோட்டில் இத்தகைய சரிவே தேவைப்படாது. சமதரையில் வடக்கு தெற்காகக் கிடத்தினாலே போதும். அந்த எண்ணத்தில் ஸ்வரூப் 1970களின் இறுதியில், 2 கிலோமீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள தொலைநோக்கியைக் கென்யாவிலோ இந்தோனேசியாவிலோ அமைத்து, வளரும் நாடுகள் கூட்டாக நடத்தலாம் என்று முன்மொழிந்தார். கூடவே ஓர் ஆய்வு நிறுவனமும் திட்டத்தில் இருந்தது. அது கைகூடவில்லை. குழுவின் கவனம் புனேவுக்கு வடக்கே, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கியின்பால் திரும்பியது. கென்யாவோ இன்று குன்டுன்ஸேயுடன் ஒரே பயிற்சித் திட்டத்தில் தன் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.